மாதம் மூன்று ராத்தல்

அந்த விதியைக் கொண்டுவந்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் யாரோ செய்த காரியம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். இரண்டும் எனக்குப் பிடிக்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பம்பாய் மாதுங்காவில், ஸ்டேஷனுக்குக் கிழக்கே, இரண்டு அறை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் லோக்கலைப் பிடித்துப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். எனக்கு இருபத்திரண்டு வயது. மெட்ரிகுலேஷன் பாஸ். கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர். வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்றும் பெயர். சமையல் முடித்து, ரேஷன் க்யூவில் நின்று வந்த பிறகும் பகல் முழுக்க மிச்சம் இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தார். மாதர் சங்கம் ஒன்றுக்குக் காரியதரிசி. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், தாராவி ஆரம்பிக்கிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாரா வாரம் இலவசப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் முக்கால்வாசி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். புருஷன்மார் தோல் கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள். நர்ஸோ மராத்திக்காரி. அவள் பேசுவது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது.

"நோக்குத் தமிழும் தெரியும், ஹிந்தியும் தெரியும், கணக்கும் தெரியும். ஆத்துல உக்காந்துண்டு என்ன கிழிக்கப்போறே? புதன்கிழமை மட்டும் வந்துட்டுப் போயேண்டி," என்றார் மாமி.

போனேன். அப்போது எனக்கே மூன்று மாதம் முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது. மாமி அதையும் ஒரு தகுதியாக எடுத்துக்கொண்டார். கர்ப்பிணியே கர்ப்பிணிகளுக்கு எடுத்துச் சொன்னால் மனசில் பதியுமாம்.

எனக்கு இரண்டு வேலை. நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்வது ஒன்று. வருகிறவர்களைத் தராசில் ஏற்றி எடையை நோட்டில் எழுதுவது இன்னொன்று. இரும்பு வியாபாரி யாரோ தானமாகக் கொடுத்த மேடைத் தராசு அது. ஆள் மேலே ஏறி நிற்க வேண்டும். நான் குறுக்குத் தண்டில் குண்டை நகர்த்தி, தண்டு ஆடாமல் நிற்கிற இடத்தைப் படிக்க வேண்டும். கிலோ எல்லாம் அப்போது ஏது? ராத்தல்தான், ஏறக்குறைய அரைக் கிலோ. முதல் நாள் நானே ஏறிப் பார்த்துக்கொண்டேன். நூற்று நாலு.

மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் லேடி டாக்டர் வருவார். அப்படி ஒரு புதன்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரியும். கைகள் வெறும் குச்சி. ஆனால் சிரித்தால் அறையில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிச் சிரிப்பாள். அவளுக்கும் நாலாவது மாதம். எண்பத்தெட்டு ராத்தல் இருந்தாள். நான் குண்டைத் திரும்பத் திரும்ப நகர்த்திப் பார்த்தேன். எண்பத்தெட்டேதான்.

டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் ஹிந்தியில் சொன்னார்: "இப்படியே போனால் இவள் பிரசவத்தைத் தாங்க மாட்டாள். குழந்தையும் தங்காது. பெறுவதற்குள் இருபது ராத்தலாவது ஏறியாக வேண்டும். மாதம் மூணு, நாலு என்று ஏறினால் போதும். ஒளிக்காமல் சொல்லு."

நான் ஒளிக்காமல் சொன்னேன்.

"இருவது ராத்தலா? ஏயம்மா!" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ரேசன் கடையிலகூட அம்புட்டுத் தர மாட்டானே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. எப்படியாவது இவளை இருபது ராத்தல் ஏற்றி, பிள்ளையும் கையுமாகப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் பிறந்தது. எனக்கு வைராக்கியம் பிறந்தால் அடுத்தவர்களுக்குத்தான் கஷ்டம்.

சங்கத்தில் பால் பவுடர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வாராவாரம் ஆளுக்கு ஒரு காகிதப் பொட்டலம். எங்கிருந்தோ டின் டின்னாக வந்தது. அந்த நாளில் பம்பாயில் பால் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் பாதி தண்ணீர். அதனால் அந்தப் பொட்டலத்துக்காகவே பெண்கள் வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள்.

ஒரு நாள் கமிட்டி மாமிகளில் ஒருவர் தாராவிக்குள் எதற்கோ போயிருந்தார். அங்கே கோலி என்கிற ஒற்றை அறை வீடுகளின் வாசல்களில் குழந்தைகள் உட்கார்ந்து, உள்ளங்கையில் எங்கள் பால் பவுடரைக் கொட்டி நக்கிக்கொண்டிருந்தனவாம். பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் வந்தார். அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"நாம தாயாருக்குன்னு குடுக்கறோம். அதுகள் எடுத்துண்டு போய் இருக்கற வாண்டுகளுக்கெல்லாம் பட்டுவாடா பண்ணிடறதுகள். வயத்துல இருக்கறது என்னாகும்?" என்றார் காரியதரிசி மாமி.

கேள்வி நியாயமானதுதான். எனக்கு எண்பத்தெட்டு ராத்தல் பெண்தான் ஞாபகம் வந்தாள். அவளும் இப்படித்தான் செய்கிறாளோ என்று நினைத்ததும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கணக்கில் கெட்டிக்காரி வாயைத் திறந்தாள்.

"மாசத்துக்கு மூணு ராத்தல் ஏறணும்னு டாக்டரே சொல்லியிருக்கார். ஏறித்துன்னா பவுடர் அவதான் குடிக்கறான்னு அர்த்தம். ஏறலைன்னா வேற யாரோ குடிக்கறான்னு அர்த்தம். மூணு ராத்தல் ஏறினவாளுக்கு மட்டும் பவுடர். மத்தவாளுக்கு அடுத்த மாசம் வரைக்கும் கிடையாது. எடை பொய் சொல்லாது மாமி."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்தப் பொண்ணுக்கு என்ன மூளை பாத்தேளா!" என்றார் ஒரு மாமி. என் தட்டில் இன்னொரு தவலை வடை விழுந்தது. யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று அறிவித்ததும் நானே.  பின்னால் இருந்து ஒருத்தி மட்டும், "ஏறலைன்னா?" என்று கேட்டாள்.

"ஏறலைன்னா பால் இல்லை."

"வீட்டுல சின்னப் பிள்ள இருக்கும்மா."

"பால் பிள்ளைக்கு இல்லை. உனக்கு. உன் வயித்துக்கு," என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

முதல் மாதம் இரண்டு பெண்களுக்குப் பாலை நிறுத்தினேன். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி பேசாமல் போனாள், பிறகு வரவேயில்லை. மற்றவர்களுக்கு ஏறியிருந்தது! நானே எதிர்பார்க்கவில்லை. எண்பத்தெட்டு ராத்தல் பெண் தராசில் ஏறினாள். குண்டை நகர்த்தினேன். தொண்ணூற்றொன்று. நான் கையைத் தட்டிவிட்டேன்.

"பாத்தியா? குடிச்சா ஏறும். நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னிய, சொன்னிய," என்று அவள் சிரித்தாள்.

ஆறாம் மாதம் தொண்ணூற்று நாலு. ஏழாம் மாதம் தொண்ணூற்றேழு. மூன்று, மூன்று, மூன்று. ஒரு ராத்தல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் எடைகூட அப்படி ஏறவில்லை. ஒரு மாதம் ஐந்து ஏறும், ஒரு மாதம் ஒன்றரை ஏறும். இவள் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. எடை பின்தங்குகிற பெண்களிடம் நோட்டைத் திறந்து காட்டுவேன். "அவளைப் பாரு. அவளும் உங்க ஊர்தானே? அவளுக்கு மட்டும் எப்படி ஏறறது?" என்று கேட்பேன். அவர்கள் அவளைப் பார்ப்பார்கள். அவள் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

நர்ஸ் ஒரு தடவை என்னிடம் கேட்டாள். "அவள் கையைப் பார்த்தாயா? கன்னத்தைப் பார். எட்டு ஒன்பது ராத்தல் ஏறியவள் முகமா அது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நோட்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன். "சிலருக்கு முகத்தில் தெரியாது. தராசில் தெரியும்," என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அவளுக்கு இருபது வருஷ அனுபவம். எனக்கு நாலு மாதம்.

எங்கள் இருவருக்கும் ஒரே மாதம் என்பதால் அவளோடு விளையாட்டாகப் பேசுவேன். என் வீட்டில் கவனிப்புக்குக் குறைவில்லை. என் கணவர் கல்யாண் பக்கம் யாரோ நண்பரிடம் சொல்லி வைத்து நெய் வாங்கி வருவார். சாயங்காலம் வந்ததும் கையில் ஒரு ஆரஞ்சுப் பழமாவது இருக்கும். "நீ சாப்பிடறது ரெண்டு பேருக்கு," என்று நான் போதும் என்றாலும் விடமாட்டார். எட்டாம் மாதத்தில் நான் நூற்று இருபத்தொன்று. "நீ என்னைப் பிடிச்சுடுவே போலிருக்கே," என்று அவளிடம் சொன்னேன்.

"உங்கள முந்த முடியுமாம்மா?" என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது அவளுக்கு. மெதுவாக அடி எடுத்து வைத்துத்தான் வருவாள். எட்டாம் மாதம், அப்படித்தான் நடப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப் பேசிய அதே புதன்கிழமைதான் அது நடந்தது. டாக்டர் அன்றைக்கு வரவில்லை. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் பத்துப் பேர் எடை பார்க்கக் காத்திருந்தார்கள். அவள் தராசின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். நான் குண்டை நகர்த்தினேன். தண்டு நேராக நின்றது.

"நூறு!" என்று கத்தினேன். "நூறு போட்டுட்டே! எல்லாரும் வந்து பாருங்கோ!"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இறங்குவதற்காக ஒரு காலைக் கீழே வைத்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மேலே போயிற்று. நான் கையை நீட்டினேன். என் வயிறு குறுக்கே வந்தது. பிடிக்க முடியவில்லை. அப்படியே சரிந்து விழுந்தாள்.

விழுந்தபோது சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் கல் மோதுகிற சத்தம். மனுஷ உடம்பு விழுந்தால் அந்தச் சத்தம் வராது. வராது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் என்னவென்று புரியவில்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். "புடவையைத் தளர்த்து! மூச்சு விடட்டும், சீக்கிரம்!"

நான் தரையில் உட்கார்ந்து அவள் கொசுவத்தை இழுத்தேன். அடியில் இன்னொரு துணி இருந்தது. பழைய புடவையைக் கிழித்துப் பட்டையாக்கி, வயிற்றுக்குக் கீழே இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். பட்டை நெடுகச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்திருந்தது. நல்ல தையல். நெருக்கமான, நேரான தையல். ஒரு பைக்குள் விரலை விட்டேன். கல். அடுத்த பையில் கல். அதற்கு அடுத்ததிலும் கல். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருக்குமே, எண்ணெய்க் கறை படிந்த ஜல்லி, அது.

"என்னது இது?" என்றேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை. "என்னது இது? ஐயோ, என்னது இது?"

பட்டையை அவிழ்த்தபோது இடுப்பைச் சுற்றித் தோல் வழண்டு போயிருந்தது. சில இடங்களில் ஆறி, அதன் மேலேயே மறுபடியும் வழண்டிருந்தது.  நர்ஸ் பட்டையை அப்படியே தூக்கித் தராசின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். என் கை தானாகவே குண்டை நகர்த்தியது.

பதினாலு.

நூறில் பதினாலு போனால் எண்பத்தாறு. கணக்கில் கெட்டிக்காரி அல்லவா, காகிதம் தேவைப்படவில்லை. நாலாம் மாதத்தில் எண்பத்தெட்டாக வந்தவள் எட்டாம் மாதத்தில் எண்பத்தாறு. அந்த எண்பத்தாறுக்குள் ஒரு குழந்தையும் இருந்தது.  சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் கையால் இடுப்பைத் தடவினாள். பட்டை இல்லை. தராசைப் பார்த்தாள். பிறகு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"பால நிறுத்திராதியம்மா," என்றாள். "இந்த ஒரு மாசம் மட்டும் குடுத்திருங்க. நிறுத்திராதிய."

  திரும்பி வாசலைப் பார்த்தேன், யாராவது கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாருங்கள் என்று சொல்வதற்காக. வாசலில் ஒருவரும் இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே போனேன். கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் நின்றார்கள் எல்லோரும். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, இடுப்பிலிருந்து எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவிழ்த்து வைத்தது உப்பு மூட்டை. ஒருத்தியுடையது துணியில் சுற்றிய செங்கல் பாதி. ஒருத்தி ஈர மணல் கட்டியிருந்தாள். அது வழிந்து கால் வரைக்கும் வந்திருந்தது. இரும்புக் கதவின் கீல் ஒன்றுகூட இருந்தது. சுவரோரம் ஒரு குவியலாக எல்லாம் கிடந்தன. என்னைப் பார்த்ததும் யாரும் பதறவில்லை. ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போய், மறுபடியும் வரிசையில் நின்றுகொண்டார்கள்.

தெய்வமே! எத்தனை மாதமாக? எல்லோருமா? நான் நோட்டைத் திறந்து காட்டிக் காட்டி மெச்சியதெல்லாம் கல்லும் உப்புமா?

எப்படிச் செய்தார்கள் என்று பிறகு நர்ஸ் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. முதலில் தராசு. அதற்கப்புறம் வெளியே காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் திரைக்குப் பின்னால் பரிசோதனை. காத்திருக்கிற நேரத்தில் குழாயடிக்குப் போய் அவிழ்த்துவிடுவார்கள். அந்த வரிசையை ஏற்படுத்தியவளும் நான்தான். எடை முதலில் தெரிந்துவிட்டால் பவுடர் பொட்டலம் கட்ட வசதி என்று.

நர்ஸ் ஒரு விக்டோரியா குதிரை வண்டியை அமர்த்தி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என்னிடம், "மற்றவர்களை நிறு. இன்றைக்காவது நிஜத்தை எழுது," என்று சொல்லிவிட்டுப் போனாள். நிறுத்தேன். நோட்டில் இருந்த முதல் எடையிலிருந்து கணக்குப் பார்த்தால், பத்துப் பேரில் மாதம் மூன்று ராத்தல் ஏறியிருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்களுக்கு ஒன்று, ஒன்றரை. சிலருக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பத்துப் பேருக்கும் பவுடர் கொடுத்தேன். 

மறுநாள் காரியதரிசி மாமி வீட்டில் கமிட்டி கூடியது. நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விதியைச் சொன்னது நான்தான் மாமி. என் தப்பு."

"அசடே! உன் மேல என்ன தப்பு?" என்றார் ஒரு மாமி. "அதுகள் பண்ணின பித்தலாட்டத்துக்கு நீ ஏன் அழறே? வயத்துப் பிள்ளைக்காரி, கண்ணைத் தொடைச்சுக்கோ. முதல்ல காப்பி சாப்பிடு."

எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்! ஏமாந்துபோனவள் நான்தான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு என்ன செய்யலாம் என்று யோசித்தார்கள். அவள் பேரை அடித்துவிடலாம் என்றார் ஒருவர். பாவம், வேண்டாம், இனிமேல் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியையும் இடுப்பைத் தட்டிப் பார்த்துவிடலாம் என்றார் இன்னொருவர். அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஒருவராவது அந்த விதியே வேண்டாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

"தட்டிப் பாக்கறது யாரு? நீதான் பாக்கணும். அவா பாஷை நோக்குத்தான் வரும்," என்றார் காரியதரிசி மாமி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேக்கு வேண்டாம் மாமி. நீங்களே தட்டிப் பாருங்கோ. இல்லைன்னா அந்தப் பவுடரைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுங்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். காப்பியைத் தொடவில்லை. அவ்வளவு வீரமாகப் பேசிவிட்டு வந்தவள் வழியெல்லாம் எண்பத்தாறு, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். டாக்டர் சொன்னது மட்டும்தான் மண்டையில் ஓடியது. இவள் தாங்க மாட்டாள். குழந்தையும் தங்காது.

பத்து நாள் கழித்து நர்ஸ் என் வீட்டுக்கே வந்து சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன அஞ்சாம் நாளே பிரசவம் ஆகிவிட்டதாம். பையன். மூன்றே கால் ராத்தல். பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பாட்டில் வைத்திருக்கிறார்களாம். அவளுக்கு இரண்டு நாள் நினைவில்லாமல் போய் இப்போது திரும்பியிருக்கிறதாம். இரண்டு உயிரும் இருக்கிறது, அதற்கு மேல் கேட்காதே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு போனேன். அவர் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். பொது வார்டு. அவள் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பஞ்சுப் பொதி ஒன்று. அதற்குள் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம் இருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. கட்டிலின் கால்மாட்டில் அவள் புருஷன் நின்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று நின்றது.

அந்தக் குழந்தையைப் பார்த்து நான் திகைத்து நின்றுவிட்டேன். கொழுகொழுவென்று கன்னம். மணிக்கட்டில் மடிப்பு. இந்தத் தாய்க்கா இந்தக் குழந்தை?

"இதுதாம்மா மூத்தது," என்றாள். குரல் மெலிந்து போயிருந்தது, ஆனால் அதே சிரிப்பு. "போன வருசம் மணல்வாரி அம்ம போட்டு செத்துப் பொழச்சது. வயிறு மட்டும் ஊதிட்டு, கை காலெல்லாம் சூம்பிப் போயி... பால் குடுத்தாத்தான் நிக்கும், இல்லன்னா இல்லன்னு முனிசிபல் டாக்டர் சொல்லிட்டாவ. பாலுக்கு எங்க போவ? அந்த நேரத்துலதான் வயித்துல இவன் வந்தான். ஒங்க பவுடர் வந்துச்சு."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். 

"கல்லு... எப்படிம்மா சரியா மூணு மூணா..."

"கரிக்கடைத் தராசுல நிறுத்துக் கட்டிக்கிட்டுதான் வருவேன். கடைக்காரரு நல்லவரு," என்றாள், ஏதோ சமையல் பக்குவம் சொல்கிற மாதிரி. பிறகு புருஷனைப் பார்த்து, "இவியதான் அந்தம்மா. நான் சொல்லுவேம்லா?" என்றாள்.

அவன் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா?" அவள் எட்டி என் வயிற்றின் மேல் கையை வைத்தாள். குச்சி மாதிரி இருந்த அந்தக் கை சுடச்சுட இருந்தது. "ஆறாம் மாசம் நான் தராசுல ஏறயில தடுமாறுனேன். நீங்க இடுப்புல கையக் குடுத்துத் தூக்கிவிட்டிய. கல்லு ஒங்க கையில நல்லாத் தட்டுப்பட்டுச்சு. எனக்கு உசிரே போயிட்டு. இன்னையோட பால் போச்சு, பிள்ள போச்சுன்னு நின்னேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. சிரிச்சிக்கிட்டே எழுதுனிய. வீட்டுக்குப் போயி அவியகிட்டச் சொன்னேன். அந்தம்மாவுக்குத் தெரியும், தெரிஞ்சும் தெரியாத மாரி எழுதுதாவ, ஒரு பிள்ளையோட அரும இன்னொரு பிள்ளத்தாச்சிக்குத்தான் தெரியும்னு. நீங்க நல்லாருக்கணும் தாயி. இது சொகமாப் பொறக்கணும்."

நான் யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவள் இடுப்பில் கை கொடுத்திருப்பேன். கல் தட்டுப்பட்டிருக்கும். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். என் கண் குண்டின் மேல் இருந்திருக்கும்.

சும்மா இருந்திருக்கலாம். அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தச் சூடான கை என் வயிற்றின் மேல் இருக்கும்போது எனக்கு அது முடியவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றேன். "சத்தியமாத் தெரியாதும்மா. அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே உன் பாலை நிறுத்தியிருப்பேன்."

அவள் சிரிப்பு நின்றது.  பிறகு என் வயிற்றின் மேலிருந்த கையை எடுத்து, மூத்தவளைப் பக்கத்தில் இழுத்து, அவள் தலையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பம் ஒங்களுக்குத் தெரியாமப் போனதே நல்லதாப் போச்சும்மா," என்றாள்.